முப்பத்திரண்டு வருட ஒட்டுவேலை: எலியட் லேக் மாலின் கூரை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சிற்றூர் எலியட் லேக். அதன் பொது நூலகத்தில் புத்தகத் தட்டுகளுக்கு மேலே தறப்பாள் விரித்திருந்தார்கள். கீழே வாளிகள். மழை பெய்தால் சொட்டும். மழையே இல்லாமல், மேலே கிடந்த பனி உருகத் தொடங்கினாலும் சொட்டும். வாசிக்க வந்தவர்கள் வாளிகளைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள். அந்த நூலகம் இருந்தது அல்கோ சென்டர் மால் என்ற வணிக வளாகத்துக்குள். வளாகத்தின் கூரையேதான் அதன் வாகனத் தரிப்பிடம். ஆகவே நூலகத்துக்குள் விழுந்த சொட்டுகளில் உப்பும் கரைந்திருந்தது. குளிர்காலத்தில் தெருவில் தூவுகிற உப்பு, கார்ச் சக்கரங்களோடு மேலே ஏறி வந்தது.

2012 ஜூன் 23, சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சற்று நேரத்தில் அந்தத் தரிப்பிடத்தின் ஒரு துண்டு, ஏறக்குறைய 12 மீற்றருக்கு 24 மீற்றர், உள்ளே விழுந்தது. லொத்தர்ச் சீட்டு விற்கும் சிறு கடையடியில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். வேறு பலர் காயப்பட்டார்கள். மிச்சக் கட்டடமும் விழலாம் என்ற பயத்தில் மீட்புப் பணி நடுவில் நிறுத்தப்பட்டு, ஊர் கொதித்தெழுந்து, மாகாண முதல்வர் டால்ட்டன் மக்கின்ரி தலையிட்ட பிறகு மறுபடி தொடங்கியது. மீட்புப் பணியின் கதை தனிக் கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரொறன்ரோப் பக்கம் பிளாசாக்களின், அதாவது சிறு கடைத்தொகுதிகளின், கூரை பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். திருத்துவதா, மாற்றுவதா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் எலியட் லேக்கைத் தாண்டிப் போக முடியாது. ஏனென்றால் அங்கே 32 வருடம் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "திருத்தலாம்" என்று யாரும் யோசித்து முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. வருடாவருடம் முடிவைத் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டதற்கு "திருத்தம்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஊரும் மாலும்

சட்பரிக்கும் சூ செயின்ட் மரிக்கும் இடையில், 17ஆம் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே விலகி 108இல் ஏறினால் எலியட் லேக். ரொறன்ரோவிலிருந்து காரில் ஆறு மணி நேரம் பிடிக்கும். 1950களில் யூரேனியம் கண்டுபிடித்ததால் காட்டுக்குள் எழுந்த ஊர். சுரங்க வேலை 1970களின் கடைசியில் மறுபடி சூடுபிடித்தது. அந்தத் தெம்பில் 1980இல் மால் திறந்தது. கட்டியது அல்கோமா சென்ட்ரல் ரெயில்வேயின் துணை நிறுவனமான அல்கோசென்.

கடை, ஹோட்டல், அரச அலுவலகங்கள், நூலகம், செல்லர்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி, எல்லாம் ஒரே கூரையின் கீழ். பனிக்காலம் ஆறு மாதம் நீளும் ஊரில் மால் என்பது ஊர்ச் சந்தி, திண்ணை, கோயில் வீதி எல்லாம் சேர்ந்தது. பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிச் சுரங்கம் 1996இல். ஊர் சாகாமல் இருக்க, ஓய்வுபெற்றவர்களைக் குறைந்த வாடகைக்கு அழைத்துக் குடியேற்றினார்கள். அந்த முதியவர்களுக்கும் போக வேறு இடம் இல்லை. மாலை மூடினால் ஊருக்கே மூச்சு நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூரையைப் பற்றிய முடிவை எடுக்கவிடாமல் தடுத்தவற்றில் இந்தப் பயம் முக்கியமானது. மாநகர சபை ஒருபக்கம் கட்டடச் சட்டத்தைக் காக்க வேண்டியது; மறுபக்கம் அதன் நூலகமே அந்த மாலில் வாடகைக்கு இருந்தது.

மேலே என்ன இருந்தது

உருக்குத் தூண்கள், உருக்கு உத்தரங்கள். உத்தரங்களுக்கு மேல், தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கொங்கிரீட் பலகைகள். உள்ளே நீளவாக்கில் குழாய் போலக் குடைந்த பலகைகள் இவை. பாரம் குறைவு, வேலை வேகம். அவற்றுக்கு மேல் ஒரு கொங்கிரீட் மேற்பூச்சு. அவ்வளவுதான். கார் ஓடும் தளமும் அதுவே, கீழே கடைகளுக்குக் கூரையும் அதுவே.

வழக்கமாக இப்படியான தளத்தில் கொங்கிரீட்டுக்கு மேல் தொடர்ச்சியான ஒரு படலம் வரும். எங்கள் தொழிலில் மெம்பிரேன் என்பார்கள். ரப்பர் போன்ற பூச்சாக இருக்கலாம், தாரில் தோய்த்த சுருளாக இருக்கலாம். எதுவானாலும் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. அல்கோவில் அது இல்லை. மேற்பூச்சு வெடிக்கும் இடங்களை முன்கூட்டியே வெட்டி இணைப்பாக விட்டு, அந்த இணைப்புகளில் இழுபடக்கூடிய சீலன்ட் பசையை நிரப்பினால் போதும் என்ற ஒரு முறையை நம்பினார்கள். அதாவது ஒரு பெரிய மைதானம் முழுக்க ஓடும் வெடிப்புகள் எல்லாவற்றையும் பசை காப்பாற்ற வேண்டும். கோடையில் விரிந்து, மாரியில் சுருங்கி, கார் ஏறி இறங்கி, பனி வழிக்கும் இயந்திரத்தின் அலகு சுரண்டி, அதற்குப் பிறகும் அந்தப் பசை விளிம்பை விட்டு விலகாமல் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. திறந்த நாள் முதலே ஒழுகியது.

அதற்குப் பிறகுதான், 1987இல், கனடாவில் வாகனத் தரிப்பிடக் கட்டடங்களுக்கென்றே சிஎஸ்ஏ (கனடியத் தரநிலைச் சங்கம்) எஸ்413 என்ற தரநிலை வந்தது. உப்பு எத்தனை தரிப்பிடங்களைத் தின்றுவிட்டது என்று கண்ட பிறகு எழுதிய விதி அது. அல்கோ அதற்கு ஏழு வயது மூத்தது.

ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு

முதல் உரிமையாளர் கிட்டத்தட்ட இருபது வருடம் வைத்திருந்தார். ஒவ்வொரு கோடையிலும் ஆட்கள் மேலே ஏறுவார்கள். பழைய பசையைக் கீறி எடுத்து, புதிய பசை பூசி, புது வெடிப்புகளைத் தேடி அடைப்பார்கள். அடுத்த பனியில் வேறிடத்தில் சொட்டும். முழுத் தளத்துக்கும் மெம்பிரேன் போட வேண்டும் என்ற யோசனை 1990களிலேயே மேசைக்கு வந்துவிட்டது. வெளியிலிருந்து பொறியியலாளர்கள் வந்து பார்த்தார்கள், அறிக்கைகள் எழுதினார்கள். பணம் பெரிது, ஊரோ சுருங்கிக்கொண்டிருந்தது. பசைதான் தொடர்ந்தது.

1999இல், முதியோரைக் குடியேற்றும் திட்டத்தை நடத்திய இலாபநோக்கற்ற அமைப்பின் கைக்கு மால் மாறியது. ஒழுக்கு அவர்களுக்குத் தெரியாத இரகசியம் அல்ல. ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2005இல் அவர்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். புதிய உரிமையாளர் காலத்தில் மெம்பிரேன் போடும் முயற்சி 2008இல் ஒருமுறை தொடங்கி, பணத் தகராறில் முடியாமல் நின்றது. 2009இல் மாநகர சபை ஒரு கட்டளை அனுப்பியது, உரிமையாளர் பொறியியலாளரின் அறிக்கையைக் கொடுத்தார், கட்டளை மூடப்பட்டது. தண்ணீர் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

கூரைத் தொழிலில் இருப்பவன் கண்ணுக்கு இங்கே ஒன்று பளிச்சென்று தெரியும். கைமாறும் ஒவ்வொரு தடவையும், முடிவும் கைமாறியது. விற்கப் போகிறவருக்கு இருபது வருடம் நிற்கும் கூரை எதற்கு? அவருக்கு விற்கும் நாள் வரை நின்றால் போதும். வாங்கியவருக்கோ, வாங்கிய முதல் வருடத்திலேயே பெருந்தொகை போட மனம் வராது. "கொஞ்சம் வருமானம் வரட்டும்" என்பார். இந்த வாக்கியத்தை நான் எத்தனை பிளாசாக்களில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

துரு எங்கே உட்கார்ந்தது

ஒழுக்கு என்றால் வாடகைக்காரருக்குச் சீலிங் கறை. முகாமையாளருக்குத் தொலைபேசி முறைப்பாடு. நூலகருக்கு நனைந்த புத்தகம். இவை மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. ஆகவே திருத்தமும் இவற்றை நோக்கியே நடக்கும். சொட்டு நின்றால் திருத்தம் வெற்றி.

ஆனால் சீலிங் தட்டுக்கும் கொங்கிரீட் பலகைக்கும் இடையில் இருட்டான ஒரு வெளி உண்டு. உத்தரமும் தூணும் சந்திக்கும் இடம் அங்கே. பலகைகளின் இடுக்கு வழியாக இறங்கும் உப்புநீர், நேரே கீழே விழாமல் உத்தரத்தின் விளிம்பைப் பிடித்து ஓடி, அந்தச் சந்தியில் தேங்கும். காயும். மறுபடி நனையும். நனைந்து காய்ந்து நனைவதுதான் துருவுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு: தண்ணீரும் கிடைக்கிறது, காற்றும் கிடைக்கிறது, ஒவ்வொரு முறை காயும்போதும் உப்பு இன்னும் செறிவாகிறது. கொங்கிரீட்டுக்குள் புதைந்த கம்பிக்காவது சீமெந்தின் காரத்தன்மை கொஞ்ச காலம் காப்பு. வெளியே நிற்கும் உருக்குக்கு அந்தக் காப்பும் இல்லை.

துருப்பிடித்த உருக்கை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பூரி மாதிரி உப்பும். ஓரத்தில் அடுக்கடுக்காக, பழைய புத்தகத்தின் தாள் போலப் பிரிந்து நிற்கும். இரண்டு சென்டிமீற்றர் தடிப்பாகத் தெரிவதை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே எஞ்சியிருக்கும் நல்ல உருக்கு ஒரு நாணயத்தின் தடிப்பு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் மெலிந்துபோன இடம் பார்வைக்குக் கொழுத்துத் தெரியும். அனுபவமில்லாத கண் அங்கேதான் ஏமாறும்.

அல்கோவில் இறுதியாக விட்டுக்கொடுத்தது உத்தரத்தைத் தூணோடு பிடித்திருந்த ஓர் இணைப்பு. வெல்டிங்கைத் துரு தின்றுவிட்டது. அந்த உத்தரத்தின் ஒரு முனை இறங்கியதும், அதன்மேல் அடுக்கியிருந்த பலகைகள் எல்லாம் அதோடு இறங்கின. பலகைக் கூரையின் இயல்பு அது. ஒரே வார்ப்பில் போட்ட தளம் என்றால் ஒரு ஆதாரம் போனாலும் தொங்கி, வளைந்து, வெடித்து, நேரம் கொடுக்கும். தனித்தனிப் பலகைகளுக்கு உட்கார இடம் போனால் கதை முடிந்தது.

இடிந்ததைப் பற்றி விசாரிக்க மாகாணம் அமைத்த ஆணைக்குழுவின் ஆணையாளர் நீதிபதி போல் பெலாஞ்சர் 2014 ஒக்டோபரில் அறிக்கையை வெளியிட்டார். கட்டடத்தை வீழ்த்தியது துரு என்றாலும், உண்மைக் கதை பொருள் தோற்ற கதை அல்ல, மனிதர் தோற்ற கதை என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். வடிவமைத்தவர், கட்டியவர், உரிமையாளர், பொறியியலாளர், மாகாண, மாநகர அதிகாரி என்று யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அந்தக் கடைசி அறிக்கை

எனக்குத் தூக்கம் கெடுப்பது இந்தப் பகுதி. 2012 ஏப்ரலில், அதாவது விழுவதற்குப் பத்து வாரம் முன்பு, ஒரு பொறியியலாளர் மாலைச் சுற்றிப் பார்த்தார். கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை போனது. பார்வைப் பரிசோதனை மட்டும். பிறகு விசாரணையில் வெளிவந்தவை: உரிமையாளர் கேட்டுக்கொண்டதற்காக அறிக்கையில் சில மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன, பார்வையிட்டவரிடம் அந்த நேரத்தில் பொறியியலாளர் உரிமமும் இருக்கவில்லை. அவர்மேல் குற்றவியல் வழக்கு நடந்து, 2017இல் விடுவிக்கப்பட்டார். சட்டத்தின் கணக்கு அதோடு முடிந்தது.

தொழிலின் கணக்கு முடியவில்லை. பார்வைப் பரிசோதனை என்றால் என்ன? சீலிங் தட்டை நான்கு இடத்தில் தூக்கி, டோர்ச் அடித்து, "மேல்மட்டத் துரு காணப்படுகிறது" என்று எழுதுவதும் பார்வைப் பரிசோதனைதான். அதே ஏணியில் நின்று, தூண்தலைப்பில் உள்ள துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, எஞ்சிய உருக்கின் தடிப்பை அல்ட்ராசொனிக் கருவியால் அளந்து, மூல வரைபடத்தோடு ஒப்பிட்டு, "இவ்வளவு வீதம் போய்விட்டது" என்று எழுதுவது வேறு வேலை. முதலாவதுக்கு அரைநாள். இரண்டாவதுக்கு ஒரு வாரம், ஆளை மேலே தூக்கும் லிஃப்ட் இயந்திரத்தின் வாடகை, இரவு வேலை, கடைக்காரரின் முணுமுணுப்பு. விலையும் அப்படித்தான். உரிமையாளர் முதலாவதற்குக் காசு கொடுத்து, இரண்டாவதன் நிம்மதியை எதிர்பார்ப்பார். நாங்களும் பல நேரம் அந்த எதிர்பார்ப்பைக் கலைக்காமல் விட்டுவிடுகிறோம். அதுதான் எங்கள் பக்கத்துப் பாவம்.

கணக்கு எங்கே பிழைக்கிறது

பசையா, மெம்பிரேனா என்ற கேள்வியைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். பின்வருபவை அல்கோவின் எண்கள் அல்ல. கணக்கு எப்படி ஏமாற்றும் என்று காட்ட நான் எடுத்துக்கொண்டவை. முழு மெம்பிரேனுக்கு 10 லட்சம் டொலர், இருபது வருட ஆயுள், பராமரிப்பு வருடம் 10,000. இருபது வருடத்தில் 12 லட்சம். பசை வேலை வருடம் 40,000 என்றால் இருபது வருடத்தில் 8 லட்சம். பசைதான் வெல்கிறது! வட்டியையும் சேர்த்தால் இன்னும் நன்றாக வெல்லும், ஏனென்றால் பசைக்கான பணம் மெல்ல மெல்லத்தான் போகிறது.

இந்த இடத்தில் கணக்காளர் பேனாவை மூடிவிடுவார். ஆனால் அதே மாலில், மாதம் 8,000 வாடகை கொடுக்கும் ஒரு கடைக்காரர் "இந்த ஒழுக்கோடு என்னால் முடியாது" என்று போய்விட்டால்? அந்த இடம் ஐந்து வருடம் பூட்டிக் கிடந்தால் 4,80,000. பசைப் பக்கம் இப்போது 12,80,000. ஒரே ஒரு கடை. அந்த இழப்பு கூரைக் கணக்கில் வராது; "வாடகை நிலவரம்" என்ற வேறு கொப்பியில் வரும். ஊர் சுருங்குகிறது, அதனால் கடை காலி என்று விளக்கம் சொல்வார்கள். சீலிங் தட்டு மாற்றும் கூலி பராமரிப்புக் கொப்பியில். நனைந்த புத்தகம் நூலகத்தின் கொப்பியில். உருக்கு மெலிவது எந்தக் கொப்பியிலும் இல்லை.

அதைவிட முக்கியம், பசை ஒவ்வொரு வருடமும் அதே கட்டடத்தைத் திருத்துவதாகக் கணக்கு நினைக்கிறது. பத்தாவது வருடத்துக் கட்டடமும் முதல் வருடத்துக் கட்டடமும் ஒன்றல்ல. தாமதித்தால் மெம்பிரேனோடு உருக்கு வேலையும் சேரும். இன்னும் தாமதித்தால் மெம்பிரேன் போடவே அர்த்தமில்லாமல் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இப்படியான தரிப்பிடக் கூரைகளில் அடிக்கடி தலைகாட்டுவது. மெம்பிரேனைச் சக்கரம் கிழிக்காமல் இருக்க மேலே அஸ்பால்ட் போடலாம் என்பார்கள். 75 மில்லிமீற்றர் அஸ்பால்ட் என்றால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 175 கிலோ. கார்த் தரிப்பிடத்துக்குக் கனடியக் கட்டட விதி கேட்கும், கார்களும் ஆட்களும் வந்துபோகும் சுமையே 2.4 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீற்றருக்குச் சுமார் 245 கிலோ. குடைந்த பலகையின் மேல் இந்தப் புதுப் பாரத்தை ஏற்றுவதென்றால் பலகைக்கு மிச்சத் தெம்பு இருக்க வேண்டும். பலகை தாங்காது என்றால் மெல்லிய பூச்சு மெம்பிரேன்தான் வழி. அதற்கு ஆயுள் குறைவு, பராமரிப்பு கூட. அதுவும் சரிவராது என்றால் மூன்றாவது பதில் ஒன்று உண்டு, யாருக்கும் பிடிக்காத பதில்: கூரையில் கார் விடுவதை நிறுத்துவது. கயிறு கட்டி, வாசலை மூடி, உப்பு மேலே வராமல் செய்வது. மாலைக் காப்பாற்ற அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. தரிப்பிடம் இல்லாத மாலுக்கு யார் வருவார் என்ற கேள்வியும் நியாயமானதுதான்; ஆனால் அந்தக் கேள்வியை முப்பது வருடத்தில் ஒருதடவையாவது முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும்.

சாதாரணக் கூரைக்கு வருவோம்

எல்லாக் கூரையிலும் கார் ஓடுவதில்லை. நான் பார்க்கிற கூரைகளில் பெரும்பாலானவை ஸ்கார்பரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து ஒருமாடிப் பிளாசாக்கள்: உருக்குத் தகட்டுத் தளம், அதற்கு மேல் வெப்பக்காப்புப் பலகை, அதற்கு மேல் தாரும் சரளையும் போட்ட பழைய முறை, அல்லது தார்ச் சுருள், அல்லது ரப்பர் விரிப்பு. இவற்றில் விழுந்து சாகிற ஆபத்து குறைவு. ஆனால் ஏமாறுகிற விதம் அதேதான்.

சில வருடம் முன்பு ஒரு பிளாசாவுக்குப் போனேன். உரிமையாளர் எங்கடை ஆள். பலசரக்குக் கடையில் தொடங்கிக் கட்டடத்தையே வாங்கியவர். மேலே ஏறும் ஏணியடியில் வைத்தே சொல்லிவிட்டார்:

"தம்பி, புதுக் கூரை எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். இன்னும் ஒரு பத்து வருசம் இழுக்கேலுமோ எண்டு பாரும்."

"பாத்திட்டுச் சொல்லுறன் அண்ணை."

மேலே பார்வைக்கு மோசமில்லை. சரளை பரவலாக இருந்தது. குளிர்சாதன இயந்திரங்களைச் சுற்றி ஒட்டுக்கு மேல் ஒட்டு, மூன்று ஒப்பந்தக்காரரின் கைவண்ணம். வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வடிகாலுக்கு ஒரு முழம் தள்ளிக் குட்டையாக நின்றது. கூரை அவ்விடத்தில் தாழ்ந்திருந்தது. கால் வைத்தால் தரை மெத்தை மாதிரி அமிழ்ந்தது.

வெட்டிப் பார்த்தோம். ஒரு அடிச் சதுரத்தில் தாரைக் கத்தியால் அறுத்து, பலகையை வெளியே எடுப்போம். காய்ந்த வெப்பக்காப்புப் பலகை பாண் தோல் போல மொறமொறப்பாக வரும். அன்றைக்கு வடிகால் பக்கத்தில் எடுத்த துண்டை நான் கையில் பிழிந்தேன். தேநீர் நிறத்தில் தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடிச் சட்டைக் கைக்குள் போனது. கீழே தகட்டில் செந்துரு. தெருப்பக்கத்தில், வெயில் படும் இடத்தில் எடுத்த துண்டு காய்ந்து சுத்தமாக இருந்தது. இரவில் அகச்சிவப்புக் கமராவால் பார்த்தபோது அதே எல்லை தெரிந்தது: பகலில் வாங்கிய சூட்டை ஈரப் பலகை சீக்கிரம் விடாது; கூரை குளிர்ந்த பிறகும் அந்தப் பகுதி மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. நனைந்த பகுதி கால்வாசிக்கு மேல் போனால் திருத்துவதில் அர்த்தமில்லை, மாற்று என்பார்கள். நான் அதை வேதவாக்காக எடுப்பதில்லை. ஈரம் ஒரே இடத்தில் திரண்டிருக்கிறதா, கூரை முழுக்கச் சிதறியிருக்கிறதா என்பது அளவைவிடப் பெரிய கேள்வி. திரண்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் தகடு வரை உரித்து, துருவைப் பார்த்து, சரிவு கொடுத்து மூடலாம். சிதறியிருந்தால், பத்து சதவீதமானாலும் அது முழுக் கூரையின் வயது பேசுகிறது. அடுத்தது, தகடு எப்படி இருக்கிறது. தகட்டில் துளை விழத் தொடங்கியிருந்தால் பேச்சே கிடையாது. பழைய கூரையின் மேலேயே இன்னொரு அடுக்கு போடலாம், உரிக்கும் செலவு மிச்சம் என்று ஒப்பந்தக்காரர் ஆசை காட்டுவார். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டுவது. ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருக்கும் இடத்தில் பாரமும் சேரும், பனிக்காலத்துப் பாரத்தைச் சொல்லவே வேண்டாம்.

பருவமும் ஒரு முடிவு. இங்கே கூரை வேலைக்கு நல்ல காலம் மே முதல் ஒக்டோபர் வரை. நவம்பரில் ஒழுகத் தொடங்கிய கூரைக்கு ஜனவரியில் செய்வது முதலுதவி மட்டும், வைத்தியம் வசந்தத்தில்தான். அந்த முதலுதவியின் பில்லைக் காட்டி "திருத்தியாச்சே" என்று வசந்தத்தில் யாரும் சொல்லக் கூடாது. சொல்வார்கள்.

அண்ணையிடம் கீழே இறங்கி வந்து சொன்னேன். வடிகால் பக்கம், கூரையில் மூன்றில் ஒரு பங்கு வரும், இந்தக் கோடையிலேயே தகடு வரை உரிக்க வேண்டும். மெத்தை போல அமிழும் இடத்தில் தகட்டை மாற்ற வேண்டி வரலாம், அதற்கும் தொகை ஒதுக்கி வையுங்கள். தெருப்பக்கம் காய்ந்திருக்கிறது, இயந்திரங்களைச் சுற்றியுள்ள ஒட்டுகளைக் கழற்றி ஒழுங்காகக் கட்டினால் இப்போதைக்கு விடலாம். மூன்று வருடத்தில் மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டும்.

அவர் விரலால் கணக்குப் போட்டார். ஒப்பந்தக்காரர் இரண்டு பேரின் பெயரைக் கேட்டார். மகனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சம்மதம்தான்.

"சரி, செய்வம். ஆனா தெருப்பக்கத்துக்கு மூண்டு வருசம் எண்டு எழுதாதையும் தம்பி. பத்து எண்டு போடும். பாங்கிலை மறு அடமானம் கேட்டிருக்கிறன், அவங்கள் உம்மடை அறிக்கையைத்தான் பாப்பாங்கள்."

"கூரை கேக்காது அண்ணை."

"கூரையை ஆர் கேட்டது? பாங்கைச் சொல்லுறன்."

அன்றிரவு அறிக்கையைத் தட்டச்சு செய்யும்போது அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல மனுசன், வேலையைத் தட்டிக்கழிக்காதவர், கேட்டதும் சின்ன விஷயம், ஒரே ஒரு எண். மூன்று என்றே எழுதினேன். வெட்டி எடுத்த இரண்டு துண்டுகளின் படத்தையும், ஈரத் துண்டைப் பிழிந்த படத்தையும் பின்னிணைப்பில் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாள் அவர் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார்; ஒப்பந்தக்காரர் எப்போது தொடங்கலாம் என்று கேட்டார், பாங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.